மனசக்தி, வசியம், வைப்ரேஷன்: இந்த மூட்டைய மொதல்ல கட்டுனது யாரு?

எங்க ஃபேமிலி குரூப்ல போன மாசம் ஒரு சண்ட. சித்தி பையன் ஒரு நோட்டு வாங்கி "எனக்கு அந்த வேல கெடச்சிருச்சு"ன்னு தினமும் 55 தடவ எழுதிட்டு இருக்கான், யாரோ ரீல்ஸ்ல சொன்னாங்களாம், எழுதுனா யுனிவர்ஸ் கேட்டுக்குமாம். மாமா ஒருத்தர் "மனசாவது மண்ணாவது, எல்லாம் ஃப்ராடு"ன்னு போட்டாரு. உடனே பெரியம்மா, "அப்டி சொல்லாதீங்க, மனசு தெம்பா இருந்தா பாதி நோய் போயிடும்னு டாக்டரே சொல்றாரு"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பிட்டாங்க. அதுக்கப்பறம் ரெண்டு நாளைக்கு குட் மார்னிங் மெசேஜ் கூட வரல.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, மாமாவும் பெரியம்மாவும் சண்ட போட்டது ஒரே விஷயத்த பத்தியே இல்ல. 'மனசக்தி'ங்கற மூட்டைக்குள்ள ரெண்டு சரக்கு இருக்கு. ஒண்ணு, நம்ம நெனப்பு நம்ம உடம்புலயும் நடத்தையிலயும் வேல செய்யும்ங்கறது. இன்னொண்ணு, நம்ம நெனப்பு தலைய விட்டு வெளிய கெளம்பி போய் அடுத்த ஆளையோ காசையோ வேலையையோ இழுத்துட்டு வரும்ங்கறது. இந்த ரெண்டையும் சேத்து கட்டி வித்தது சுமார் 120 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல. கட்டுன கதைய தெரிஞ்சுகிட்டா பிரிக்கறது ஈஸி, அதுக்குதான் இத எழுதறேன். சைக்காலஜி படிச்சிருக்கணும்னு எல்லாம் இல்ல.

மொதல்ல ஒரு மாங்கா

நல்ல பச்ச மாங்கா, ஒட்டு மாங்கா இல்ல, கடிச்சா பல்லு கூசுற நாட்டு மாங்கா. அத நீளமா கீறி, உப்பும் மொளகாத்தூளும் தடவி, கீறலுக்குள்ள ஈரமா இறங்கி நிக்குது. இப்ப ஓரத்துல ஒரு கடி.

வாயில எச்சி ஊறிருக்கும். மாங்கா எங்கயும் இல்ல, போன் ஸ்க்ரீன்லதான் இருந்துச்சு, ஆனா எச்சி நிஜம். இப்ப இன்னொண்ணு பண்ணுங்க, மாங்காவ மறந்துட்டு "எச்சியே ஊறு"ன்னு ஆர்டர் போடுங்க. ஊறாது. இந்த வித்தியாசத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ ஒரு மருந்துக்கடைக்காரர் வருவாரு, அவரோட முழு தொழிலும் இதுலதான் நின்னுச்சு.

இதுக்கு பேரு சஜஷன். ஒரு விஷயம் சரியா தப்பான்னு நாம உக்காந்து யோசிக்கறதுக்குள்ளயே அது உள்ள போய் உடம்பையோ நடத்தையையோ அசைச்சிடறது. பக்கத்துல ஒருத்தங்க கொழந்தைக்கு பேன் பாத்துட்டு இருந்தா நம்ம தலையும் அரிக்குதுல்ல, அதேதான்.

பாரிஸ்ல ஒரு மரத்தொட்டி

1778ல மெஸ்மர்னு ஒரு டாக்டர் வியன்னாவுல இருந்து பாரிஸ் வந்தாரு. உடம்புக்குள்ளயும் உலகம் பூராவும் கண்ணுக்கு தெரியாத ஒரு திரவம் ஓடுது, அது அடைச்சுகிட்டா நோய், அத நான் கைய அசைச்சே ஓட விடுவேன்னு சொன்னாரு. அதுக்கு அவர் வெச்ச பேரு அனிமல் மேக்னடிசம், அதாவது உயிருள்ள உடம்போட காந்தம். ஒரு பெரிய மரத்தொட்டி, அதுல இருந்து இரும்பு கம்பிங்க நீட்டிகிட்டு இருக்கும், சுத்தி பேஷன்ட்ஸ் உக்காந்து வலிக்கற எடத்துல கம்பிய வெச்சுக்குவாங்க, பின்னாடி மியூசிக் ஓடும், இவரு ஊதா கலர் பட்டு அங்கி போட்டுகிட்டு நடந்து வருவாரு. கொஞ்ச நேரத்துல ஒருத்தர் ஒருத்தரா வலிப்பு வந்த மாதிரி துடிப்பாங்க, அழுவாங்க, சிரிப்பாங்க. அப்பறம் வலி போச்சுன்னுட்டு வீட்டுக்கு போவாங்க. சாமி வந்து ஆடறத பாத்திருக்கறவங்களுக்கு இது ரொம்ப புதுசா இருக்காது.

ஊரே பேச ஆரம்பிச்சதும் ராஜா 16ஆம் லூயி 1784ல ஒரு கமிஷன் போட்டாரு. சாதா ஆளுங்க இல்ல: அப்ப பிரான்சுல அமெரிக்க தூதரா இருந்த பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், கெமிஸ்ட்ரி லவோசியே, தலைய வெட்டற கில்லட்டின் மெஷினுக்கு பேர் குடுத்த டாக்டர் கில்லட்டின். மெஸ்மர் ஒத்துழைக்கல, அவரோட சிஷ்யர் தெஸ்லோன் வந்தாரு.

ஃப்ராங்க்ளின் வீட்டு தோட்டத்துல ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு மட்டும் தெஸ்லோன் 'காந்தம் ஏத்துனாரு'. இதுல நல்லா ரியாக்ட் பண்ணுவான்னு அவரே தேர்ந்தெடுத்து கூட்டிட்டு வந்த 12 வயசு பையன், கண்ண கட்டி மரம் மரமா கூட்டிட்டு போய் ஒவ்வொண்ணா கட்டிப்பிடிக்க விட்டாங்க. மொத மரத்துலயே வேர்வ, இருமல். போக போக தலைவலி, மயக்கம் வர்ற மாதிரி இருக்குங்கறான். நாலாவது மரத்துல ஆள் மயங்கியே விழுந்துட்டான். காந்தம் ஏத்துன மரம்? அவன் அது பக்கத்துலயே போகல.

கமிஷன் என்ன சொல்லுச்சுன்னா, திரவம்னு ஒண்ணும் கெடையாது, நடக்கறது எல்லாம் கற்பனையால. மெஸ்மர் மாட்டிகிட்டாருன்னு எல்லாரும் பாதி ரிப்போர்ட்ட மட்டும் ஞாபகம் வெச்சுகிட்டாங்க. எனக்கு மத்த பாதிதான் பெருசா தெரியுது, வெறும் கற்பனை ஒரு பையன நெசமாவே மயக்கம் போட வெச்சிருக்கு. காந்தம் பொய், மயக்கம் உண்மை. நம்ம குரூப் சண்டையில மாமா காந்தத்த பத்தி பேசறாரு, பெரியம்மா மயக்கத்த பத்தி பேசறாங்க, அவ்ளோதான்.

கடிகாரம் செஞ்சவர் கண்டுபுடிச்சது

அடுத்த ஆளு பினியாஸ் க்விம்பி, அமெரிக்காவுல மெய்ன் மாகாணம், தொழில் கடிகாரம் செய்யறது. 1830கள்ல மெஸ்மர் வித்தைய மேடையில பாத்துட்டு இவரும் கத்துகிட்டாரு. லூசியஸ்னு ஒரு பையன மயக்கத்துல உக்கார வெச்சா அவன் பேஷன்ட்ட பாத்து நோய சொல்லுவான், மருந்தும் சொல்லுவான். ஒரு தடவ அவன் சொன்ன மருந்து வெல ஜாஸ்தி, பேஷன்ட்டால வாங்க முடியல, சரின்னு திரும்ப மயக்கத்துல உக்கார வெச்சு கேட்டா ஒரு சல்லிசான மருந்து சொன்னான். அதுலயும் குணமாயிருச்சு.

க்விம்பி யோசிச்சாரு, அப்ப வேல செஞ்சது மருந்து இல்ல, நம்பிக்க. அப்பறம் மயக்கறதையே விட்டுட்டு பேஷன்ட் பக்கத்துல உக்காந்து பேச ஆரம்பிச்சாரு, உன் நோய் உன் தப்பான நம்பிக்கையில இருந்து வருதுன்னு சொல்லி. இங்க ஒரு தாண்டு தாண்டிட்டாரு பாருங்க, "நம்பிக்கையால சில சமயம் குணம் தெரியுது"ங்கறதுல இருந்து "எல்லா நோயும் நம்பிக்கையாலதான் வருது"ங்கற வரைக்கும். அதுதான் பின்னாடி வந்த எல்லா வம்புக்கும் விதை. 1866ல அவர் செத்ததுக்கு அப்பறம் அவரோட பேஷன்ட்ஸ்ல சிலரே ஆளுக்கு ஒரு பக்கம் கொண்டு போனாங்க, 1890கள் வாக்குல இதுக்கு 'புதிய சிந்தனை' இயக்கம்னு பேரு வந்துருச்சு. அதுவரைக்கும் ஓரளவு உடம்பு, நோய், கடவுள்ங்கற எல்லைக்குள்ளதான் இருந்துச்சு.

இதுவரைக்கும் பாத்ததுல நெனப்பு தலைய விட்டு வெளிய எங்கயும் போகல. மாங்கா, மரம், சல்லிசு மருந்து, மூணுலயும் நடந்தது அந்தந்த ஆளோட உடம்புக்குள்ள. இனிமேதான் வெளிய கெளம்புது.

வக்கீல் சாமியாரான கத

வில்லியம் வாக்கர் அட்கின்சன். 1862ல பால்டிமோர்ல பொறந்தவர், வக்கீல். வேல டென்ஷன்ல உடம்பும் மனசும் ஒடஞ்சு போய், இந்த புதிய சிந்தனை புக்ஸ படிச்சு தேறி வந்ததா சொல்லுவாங்க. 1900 வாக்குல சிகாகோ போய் எழுத ஆரம்பிச்சாரு பாருங்க, சுமார் நூறு புக்கு. சொந்த பேர் பத்தல, வேற வேற பேர்லயும் எழுதுனாரு. அதுல ஒரு பேர் யோகி ராமசரகா. ஆமா, மூச்சுப்பயிற்சி, ஹட யோகம்னு அந்த பேர்ல வந்த புக்ஸ் எல்லாம் எழுதுனது சிகாகோ வக்கீல்தான். 1893ல அதே சிகாகோவுல விவேகானந்தர் பேசிட்டு போனதுக்கு அப்பறம் அங்க யோகிங்களுக்கு நல்ல மார்க்கெட். நம்ம ஊருலயும் ராமசரகாவ ஏதோ இமயமலை யோகின்னு நெனச்சு பயபக்தியா படிச்சவங்க உண்டு.

அட்கின்சன் 1906ல வெளியிட்ட ஒரு புக்கோட தலைப்புலயே ரெண்டு வார்த்த இருக்கு: எண்ண வைப்ரேஷன், ஈர்ப்பு விதி. இன்னிக்கு ரீல்ஸ்ல வர்ற 'லா ஆஃப் அட்ராக்‌ஷன்' அந்த ஈர்ப்பு விதிதான்.

அது ஏன் 'வைப்ரேஷன்'? அந்த காலத்த நெனச்சு பாருங்க. 1887, 88ல ஹெர்ட்ஸ் ரேடியோ அலைய லேப்ல காட்டிட்டாரு. 1895ல ரான்ட்ஜன் எக்ஸ்ரே, கைக்குள்ள இருக்கற எலும்பு ஃபோட்டோவுல தெரியுது. 1901ல மார்க்கோனி கம்பி இல்லாம அட்லான்டிக் தாண்டி சிக்னல் வாங்கிட்டாரு. கண்ணுக்கு தெரியாத அலை செவுத்த தாண்டுது, கடல தாண்டுதுன்னு பேப்பர்ல தினமும் வந்தா, அப்ப நெனப்பும் ஒரு அலையா இருக்கக்கூடாதான்னு தோணத்தான செய்யும். மெஸ்மர் காலத்துல காந்தம் ஃபேஷன், அதனால காந்தம். அட்கின்சன் காலத்துல வயர்லெஸ் ஃபேஷன், அதனால வைப்ரேஷன். இப்ப குவான்டம்ங்கறாங்க. மேல இருக்கற லேபிள் மட்டும் அந்தந்த காலத்து சயின்ஸ்ல இருந்து கடன் வாங்குனது.

ரேடியோ அலைக்கு அனுப்பற ஆன்டெனா இருக்கு, வாங்கற ரிசீவர் இருக்கு, எவ்ளோ தூரத்துல எவ்ளோ வீக் ஆகும்னு கணக்கு இருக்கு. மூளையிலயும் கரன்ட் ஓடுது, உண்மைதான், ஆனா தலை மேல எலக்ட்ரோடு ஒட்டி எடுக்கற ஈஇஜியிலயே அது வோல்ட்ல லட்சத்துல சில பங்கு அளவுதான் தெரியும், அதுக்கே ஜெல் எல்லாம் தடவணும். பக்கத்து சீட்டுக்காரர் தலைக்குள்ள போய் அத புடிக்கறதுக்கு எந்த ரிசீவரும் கெடையாது.

பின்கழுத்த மொறச்சா திரும்புவாங்களா?

அட்கின்சன் புக்ஸ்ல அடுத்தவங்கள வசப்படுத்தறதுக்கு பர்சனல் மேக்னடிசம்னு ஒரு பாடம். வசியம்னு சொன்னா நமக்கு புரியும், ஆனா இதுல மை தடவ வேண்டியதில்ல. பேப்பர்ல ஒரு கறுப்பு வட்டம் வரைஞ்சு கண் சிமிட்டாம பாத்து பழகணும், கண்ணாடியில உங்க கண்ணையே பாத்து பழகணும். அப்பறம் ஃபீல்ட் வொர்க்: ரோட்ல முன்னாடி போற ஆளோட பின்கழுத்துல, மண்ட ஓடு முடியற எடத்துல பார்வைய வெச்சு "திரும்பு"ன்னு நெனைக்கணும். திரும்புவாங்களாம்.

காமெடி என்னன்னா இந்த புக்ஸ் வர்றதுக்கு முன்னாடியே, 1898ல, கார்னெல் யுனிவர்சிட்டியில டிட்ச்னர்னு ஒரு சைக்காலஜி புரொஃபசர் இத டெஸ்ட் பண்ணி எழுதிட்டாரு. பின்னாடி இருந்து யாராவது பாத்தா தெரியும்னு அடிச்சு சொன்னவங்கள வெச்சே பண்ணாரு, ஒண்ணும் தேறல. அப்ப ஏன் அப்டி தோணுது? அவர் சொன்ன வெளக்கம் ரொம்ப அழகு. க்ளாஸ்ல உக்காந்திருக்கோம், முதுகுக்கு பின்னாடி கூட்டம், லேசா ஒரு மாதிரி இருக்கும், முடிய சரி பண்ணுவோம், மெதுவா திரும்புவோம். முன்னாடி ஏதாவது அசைஞ்சா பின்னாடி இருக்கறவங்க கண்ணு தானா அங்க போகும். நாம திரும்பறதாலதான் அவங்க பாக்கறாங்க, நமக்கு தலைகீழா தோணுது. அப்டி கண்ணு முட்டுன ஒரு தடவ பத்து வருஷம் ஞாபகம் இருக்கும். திரும்பி பாத்து யாரும் பாக்காத அம்பது தடவ யாருக்கு ஞாபகம் இருக்கு?

ஆனா அந்த பாடம் படிச்ச சேல்ஸ்மேன் பல பேருக்கு நிஜமாவே வியாபாரம் நல்லா நடந்திருக்கும், நான் நம்பறேன். ஒரு மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகுனவன் தலைய தொங்க போட மாட்டான், கண்ண பாத்து நிதானமா பேசுவான், அவசரப்பட்டு வெலைய கொறைக்க மாட்டான், எதிர்ல இருக்கறவரும் அதுக்கு ஏத்த மாதிரி மரியாதையா பேசுவாரு, அத பாத்து இவனுக்கு இன்னும் தெம்பு வரும். புதுசா ட்யூட்டிக்கு வந்த பஸ் கன்டக்டரையும் இருவது வருஷ சர்வீஸ் கன்டக்டரையும் பாருங்க, ரெண்டு பேரும் சொல்றது "உள்ள போங்க"தான், யார் சொன்னா கூட்டம் நகருது? முகம், கொரல், நிக்கற விதம், இதெல்லாம் கண்ணுலயும் காதுலயும் போய் சேருது, தனியா அலை தேவப்படல.

சுருக்கமா, அடுத்தவங்க மேல தாக்கம் இருக்கு, ஆனா அது நடத்த வழியா போகுது. 'வெளிய போற நெனப்பு'ங்கறது அட்கின்சன் காலத்துல மூட்டையில சேந்த ரெண்டாவது சரக்கு.

மருந்துக்கடைக்காரர்

எமில் கூயே. 1857ல பொறந்தவர், பிரான்சுல ட்ரோயேங்கற ஊர்ல மருந்துக்கடை. மருந்த குடுக்கும்போது ரெண்டு வார்த்த பாராட்டி குடுத்தா கூடுதலா வேல செய்யறத கவனிச்சாரு. அப்பறம் நான்சிங்கற ஊர்ல காசு வாங்காம வைத்தியம் பாத்தாரு. அவர் சொன்னத ஆட்டோ சஜஷன்னு சொல்லுவாங்க, அதாவது வெளி ஆள் இல்லாம தனக்கு தானே குடுத்துக்கற சஜஷன். படுக்க போகும்போதும் எந்திரிக்கும்போதும் 20 தடவ, "தினமும் எல்லா வகையிலயும் நான் மேல மேல நல்லா ஆகிட்டு வர்றேன்"னு முணுமுணுக்கணும். எண்ணிக்க தப்பாம இருக்க 20 முடிச்சு போட்ட கயிறு. ஜெபமாலையேதான்.

அவரோட உதாரணம் ஒண்ணு. ஒரு அடி அகல பலகைய தரையில போட்டா யார் வேணா நடப்பாங்க. அதையே ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல மேல போட்டா? பலகை அதே பலகை, கால் அதே கால், ஆனா ரெண்டு எட்டுக்கு மேல முடியாது. விழக்கூடாதுன்னு வைராக்கியமா இருந்தாலும் விழற காட்சி உள்ள ஓடிகிட்டே இருக்கும். வைராக்கியமும் கற்பனையும் மோதுனா கற்பனைதான் ஜெயிக்கும், அதனால வைராக்கியத்த வுட்டுட்டு கற்பனைய மாத்துங்கறாரு. மாங்காவுக்கு ஊறுன எச்சி ஆர்டருக்கு ஊறலல்ல, அதான் இது. "தூங்கணும் தூங்கணும்"னு பெரண்டு படுத்து முழிச்சிருக்கறவங்களுக்கு வெளக்கமே வேண்டாம்.

இதுக்கு உடம்புக்குள்ள மெக்கானிசம் உண்டா? வலி விஷயத்துல உண்டு. ப்ளாசீபோன்னா உள்ள மருந்தே இல்லாத மாத்திரையோ ஊசியோ, மருந்துன்னு நம்பி எடுத்துக்கறது. 1978ல பல்லு புடுங்கிட்டு வலியில இருந்தவங்ககிட்ட ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ப்ளாசீபோ குடுத்ததும் சில பேருக்கு வலி கொறஞ்சுது. ஆனா வலிக்கு குடுக்கற மார்ஃபின் மாதிரி சரக்கு மூளையில வேல செய்யறத தடுக்கற நலாக்ஸோன்ங்கற மருந்த ஏத்துனதும் அந்த நிவாரணம் போயிருச்சு. அப்ப என்ன அர்த்தம், "வலி போகப்போகுது"ன்னு எதிர்பாத்ததும் மூளை தன்கிட்ட இருக்கற சொந்த மார்ஃபின் சரக்க எடுத்து விட்டிருக்கு. எண்டார்ஃபின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது இந்த குடும்பம்தான்.

வலி, குமட்டல், அசதி, பதட்டம், இந்த மாதிரி மூளை கையில இருக்கற விஷயத்துல எதிர்பார்ப்பு நல்லாவே வேல செய்யும். ஒடஞ்ச எலும்ப சேக்காது, கட்டிய கரைக்காது, டிபி கிருமிய கொல்லாது. கூயே கூட டாக்டர்கிட்ட போகாதீங்கன்னு சொன்னவர் இல்ல.

வீட்லயே பண்ணி பாக்க ஒரு மோதிரம்

ஒரு மோதிரத்த முக்கா அடி நூல்ல கட்டி, முழங்கைய டேபிள் மேல ஊணி, விரல் நுனியில புடிச்சு தொங்க விடுங்க. கைய ஆட்டக்கூடாது. "வட்டமா சுத்துது"ன்னு மனசுல மட்டும் நெனச்சுகிட்டே மோதிரத்த பாருங்க. ஒரு நிமிஷத்துல நெறைய பேருக்கு சுத்த ஆரம்பிக்கும், மாத்தி நெனச்சா மாறியும் ஆடும். மொத தடவ எனக்கு முடியெல்லாம் சிலிர்த்துருச்சு.

இது ஐடியோமோட்டார் எஃபெக்ட். ஒரு அசைவ நெனச்சாலே தசை நமக்கு தெரியாம துளித்துளியா அசையும், நூல் அத பெருசாக்கி காட்டும். இப்ப கண்ண மூடிகிட்டு பண்ணுங்க, பக்கத்துல ஒருத்தர பாக்க சொல்லுங்க. 1833லயே பிரெஞ்சு கெமிஸ்ட் ஷெவ்ரல் இதேதான் பண்ணாரு, கண்ண கட்டுனதும் ஆட்டம் போயிருச்சு. நெனப்பு அலையா போய் மோதிரத்த ஆட்டுச்சுன்னா கண்ண மூடுனா அதுக்கு என்ன வந்துச்சு?

வ.உ.சி. இதுல எங்க வர்றாரு

அட்கின்சன் எழுதிட்டு இருந்த அதே காலத்துல இங்கிலாந்துல ஜேம்ஸ் ஆலன் எழுதுனாரு. அவர் அலை, காந்தம் எதையும் நம்பி இல்ல, மனசு ஒரு தோட்டம், வெதச்சதுதான் மொளைக்கும்ங்கற ஒழுக்க வழி. அவர தமிழுக்கு கொண்டு வந்தது வ.உ. சிதம்பரம் பிள்ளை. 'மனம் போல வாழ்வு' அவரோட மொழிபெயர்ப்பு. 1908ல அவருக்கு ரெண்டு ஆயுள் தண்டனை, அப்பீல்ல கொறஞ்சு 1912 டிசம்பர்ல வெளிய வந்தாரு. நடுவுல கோயம்புத்தூர் ஜெயில்ல மாடு இழுக்க வேண்டிய செக்க இழுத்தாரு. அந்த ஜெயில் வாசத்துலதான் ஆலன தமிழ்ல எழுதுனாரு.

எனக்கு இது ரொம்ப நாளா உறுத்தற விஷயம். ஒருத்தனோட சூழ்நில அவன் எண்ணத்துக்கு ஏத்த மாதிரி அமையும்ங்கறது ஆலனோட பேச்சு. செக்கு இழுத்துட்டு இருக்கற மனுஷன் அத எழுதும்போது என்ன நெனச்சிருப்பாரு? அவர் எண்ணமா அவர அங்க கொண்டு வந்துச்சு, வெள்ளக்காரன் கோர்ட்டு தான? என் யூகம், மூட்டையில எது தனக்கு வேணுமோ அத மட்டும் எடுத்துகிட்டாரு: வெளிய இருக்கறத மாத்த முடியாத எடத்துல உள்ள இருக்கறத காப்பாத்திக்கறது. ரெண்டாவது சரக்கையும் சேத்து வாங்குனா, கஷ்டப்படற ஒவ்வொருத்தனையும் பாத்து "நீ தப்பா நெனச்ச, அதான்"னு சொல்ல வேண்டி வரும், கேன்சர் பேஷன்ட்கிட்ட கூட அப்டி பேசற ஆளுங்கள நான் பாத்திருக்கேன்.

அப்ப அந்த 55 தடவ?

கேப்ரியல் ஓட்டிங்கன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 2002ல இன்னொருத்தரோட சேந்து வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு, படிப்ப முடிச்சு வேல தேடற பசங்கள ரெண்டு வருஷம் ஃபாலோ பண்ணது. "நல்லா முயற்சி பண்ணா கெடைக்கும்"னு எதிர்பாத்தவங்களுக்கு நல்லா போச்சு. வேல கெடச்சிட்ட மாதிரி இனிப்பா கனவு கண்டுகிட்டே இருந்தவங்க கம்மியா அப்ளிகேஷன் போட்டிருந்தாங்க, ஆஃபரும் கம்மி, சம்பளமும் கம்மி. எதிர்பாக்கறதும் கனவு காணறதும் வெளிய இருந்து பாத்தா ஒண்ணு மாதிரி தெரியும், உள்ள ஒண்ணு ஆள கெளப்பி விடுது, இன்னொண்ணு சாப்ட்டு முடிச்ச திருப்திய குடுத்து உக்கார வெச்சிடுது.

சித்தி பையனுக்கு நேத்து போன் பண்ணேன். நோட்டு முடிஞ்சு ரெண்டாவது நோட்டு வாங்கிட்டானாம், இது லாங் சைஸு. இந்த மாசம் எத்தன அப்ளிகேஷன் போட்டடான்னு கேட்டேன்.

"மூணுண்ணா."